டர்போவுக்கு எங்கேயிருந்து காற்று?

மே 6, 2025, செவ்வாய்

காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். லாரி இன்ஜினைப் படகுக்குள் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. ராயபுரம் ஷெட்டில் என்றால் கேபினைச் சாய்த்துவிட்டு சுற்றி நடந்து வேலை பார்ப்பேன். இங்கே கேபின் வாசலில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு ஒரு மரமூடி. உள்ளே இறங்கினால் நேரே இன்ஜின் தலைமேல் உட்கார வேண்டியதுதான். ஒரு பக்கம் டீசல் டேங்க், மறுபக்கம் பேட்டரி. திரும்புவதற்குள் முட்டி பெயர்ந்தது. எந்தப் புண்ணியவான் அளந்து வைத்தானோ!

மேலே ஜெரி சிரிக்கிறான். "மாமா, வயித்த கொஞ்சம் கொறைச்சிகினு வந்திருக்கலாம்ல?" என் வீட்டுக்காரி சாராவின் தம்பி. இந்தப் படகின் டிரைவர். சிரிக்கட்டும். போன அக்டோபரில் பழவேற்காட்டுக்கு வெளியே கடல் எழும்பியிருக்கிறது. அலை உள்ளே விழாமல் இருக்க மூடியைப் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கரும்புகை தள்ளி இன்ஜின் நின்றுவிட்டது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பி, இவனைத் தூக்கி அடித்து, தோள் எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் எந்தக் கடலானாலும் மூடியைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுகிறான். பெரிய அலை ஒன்று அந்த ஓட்டைக்குள் விழுந்தால்? எழுதவே கை வரவில்லை.

சாரா சொல்லிவிட்டாள். "மீன்பிடித் தடைக்காலம் முடியறதுக்குள்ள நீ சரி பண்ணு. இல்ல, அவன் காலை ஒடைச்சி வூட்ல ஒக்கார வெப்பேன்." செய்வாள்.

மே 9, வெள்ளி

மூடினால் ஏன் நிற்கிறது? பழைய இன்ஜினுக்கு இந்தத் தொல்லையே இல்லையாம். டர்போ வைத்த இன்ஜின் மாற்றிய பிறகுதான். புரிகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற விசிறிதான் டர்போ, பேராசைக்காரன். அந்தப் பொந்தில் இருக்கிற சூட்டுக் காற்றை இழுத்து முடித்துவிட்டு இன்னும் கொடு என்கிறான். மூடி போட்டிருந்தால் யார் கொடுப்பது?

ஆக, வெளியிலிருந்து ஒரு குழாய் போட்டு டர்போ வாயில் நேராகக் கொடுக்கணும். அவ்வளவுதானே.

மே 14, புதன்

அவ்வளவுதானே என்று எழுதின கையை ஒடைக்கணும்.

குழாயை டேங்குக்கு இடுக்கில் வளைத்து வளைத்து மேலே ஏற்றி, வாயை முன்பக்கம் பார்க்க வைத்தேன். லாரிப் புத்தி. எதிர்க்காற்று தானாக உள்ளே போகும் என்று கணக்கு. தடைக்காலம், வெளியே போக முடியாது; துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம், அலைதடுப்பு வாய்க்குப் போவதற்குள் சாரல் பூராவும் குழாய்க்குள். பில்டரைப் பிழிந்தால் ஒரு சொம்பு உப்புத்தண்ணி. ஜெரி சொல்கிறான்: "மாமா, ரோட்டுல தண்ணி மேலேர்ந்து வரும். இங்க எங்கேர்ந்து வரும்னு கடலுக்கே தெரியாது."

மே 17, சனி

வாயைப் பின்பக்கம் திருப்பினேன். சாரல் இல்லை. பின்காற்று அடித்ததும் சைலன்சர் புகையை அதுவே குடிக்குது. பில்டர் கன்னங்கரேல். ஒரே கலீஜ். இரண்டு பக்கமும் வலைக்கயிறு ஓடும், அங்கே வைக்க முடியாது. இவ்வளவு பெரிய கடல், இவ்வளவு காத்து, என் இன்ஜினுக்கு ஒரு வாய் கெடைக்கல. பேஜாரு.

மே 20, செவ்வாய்

இன்று ஒன்று பார்த்தேன். தூக்கம் வரப்போவதில்லை.

கேபின் மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு பலகை, அதில் மாதா சுரூபம். படகுக்காரி சிலுவையம்மாள் வைத்தது. புருஷன் போன பிறகு படகை அந்தம்மாதான் நடத்துகிறார்கள். இது மாதா வணக்கமாதம், சாயங்காலம் ஆனால் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். இன்றும் ஏற்றினார்கள். நான் குழாயைக் கழற்றிவிட்டு, மூடியைப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக்சிலேட்டரை ஏற்றினேன், சுடர் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தது. இறக்கினேன், நிமிர்ந்தது. ஏற்றினால் மறுபடி சாய்கிறது! மூடியைத் திறந்துவிட்டு ஏற்றினால் ஆடவே இல்லை. ஜெரி, "மாமா, போதும், டீசல் தீருது" என்று கத்துகிற வரைக்கும் செய்தேன்.

பலகைக்கு அடியில் கை வைத்தேன். தரைப்பலகை இடுக்கு வழியாக ஜில்லென்று காற்று கீழே இறங்குகிறது. அட நைனா! மூடினதும் இன்ஜின் இங்கேயிருந்து மூச்சு வாங்கப் பார்த்திருக்கு. யோசித்தால், படகிலேயே சாரலும் புகையும் எட்டாத இடம் இந்த மூலைதான். டர்போவும் நேர் அடியில். ஒரே ஒரு வளைவு போதும்.

ஆனால் மாதாவை நகர்த்தணும். யார் சொல்றது?

மே 21, புதன்

ஜெரி நழுவிவிட்டான். நானே சொன்னேன். சிலுவையம்மாள் முகம் சிவந்துவிட்டது. "மாதா காலுக்குக் கீழ ஓட்டை போடுவியா? இன்னா கொழுப்பு மேத்யூ உனக்கு!" எனக்கும் சுர்ரென்று ஏறியது. "கும்பிட்டா மட்டும் இன்ஜின் ஓடுமாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். படகை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

இந்த வாய்.

மே 24, சனி

மூன்று நாளாக எட்டிப் பார்க்காதவர்கள் மெழுகுவத்தியோடு வந்தார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. மூடியைப் போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றச் சொல்லி ஜெரிக்குக் கை காட்டினேன். சுடர் சாய்ந்தது. அந்தம்மா சும்மா பார்த்தார்கள். இன்னொரு தடவை ஏற்றினான். "இன்னாடா இது?" என்று குனிந்தார்கள். இடுக்கில் கை வைக்கச் சொன்னேன். வைத்தார்கள், எடுக்கவே இல்லை.

"அன்னிக்கு அலையில, புள்ளைங்க உள்ள கெடந்தப்ப, இந்த இடுக்குலேர்ந்தா இன்ஜின் மூச்சுக்கு அலைஞ்சிகினு இருந்திச்சி?"

"ஆமாம்மா. பத்தல."

சுரூபத்தை ரெண்டு கையாலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். "அப்ப நல்லா பெருசா போடு. இவள எதிர் மூலையில வெக்கறேன். அங்கேர்ந்து ஸ்டீரிங்கு நல்லா தெரியும். மெழுகுவத்தி வேணாம், உன் குழாய் இழுத்துடும். ஒரு பல்பு மாட்டிக் குடு."

பல்பு மாட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

குழாய் ஏறியது. இன்ஜினை முடுக்கினதும் வளைவில் சப்பையாக ஒட்டிக்கொண்டது, உறிஞ்சி முடித்த ஜூஸ் பாக்கெட் மாதிரி. உள்ளே கம்பிச்சுருள் இல்லாத ரப்பர் வாங்கின மடையன் நான்தான். பிராட்வேக்கு ஓடி வேறு வாங்கி வந்தேன். மத்தியானம் பூரா மூடியைப் போட்டு ஓட்டினேன். புகையே தெரியவில்லை. கேபினில் மெல்லிசாக ஒரு விசில், டர்போ சந்தோஷமாக இழுக்கிற சத்தம். எனக்குக் குதிக்கணும் போல இருந்தது.

ஜெரி குதிக்கவில்லை. "கரையில ஓடுது மாமா. கடல்ல நான் தொறந்துதான் வெப்பேன். கோச்சிக்காத." சொல்லும்போது கை தானாகத் தோளுக்குப் போனது.

இன்ஜினுக்கு மூச்சு வந்துவிட்டது. இவனுக்கு எப்படி வர வைப்பது? அதற்கு எந்தக் கடையில் குழாய் கிடைக்கும்?

ஜூன் 15, ஞாயிறு

தடை முடிந்தது, ஜெரியும் ஆட்களும் கடலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பூசையில் சாரா முட்டியைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஜூன் 19, வியாழன்

ராத்திரியிலிருந்து காற்று. ஷெட் தகரம் அடித்துக்கொள்கிறது. ஜெரி போன் எடுக்கவில்லை.

மூடினானா?

ஜூன் 20, வெள்ளி

இன்றும் எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

எண்ணூர் பக்கம் வந்ததும் சிக்னல் கிடைத்திருக்கிறது போல. ஜெரி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், நேற்று கூட இருந்தவன் எடுத்தது. எழுத்து ஒன்றும் இல்லை. படமே கோணலாகச் சாய்ந்திருக்கிறது, வாசலுக்கு வெளியே கடல் சுவர் மாதிரி ஏறி நிற்கிறது. நான் முதல் காரியமாகக் குழாய் இருக்கிற மூலையைப் பெரிசாக்கிப் பார்த்தேன். க்ளிப் நகரவில்லை. பில்டர் காய்ந்திருக்கிறது. குழாய் அப்படியே கல்லு மாதிரி.

சாரா போனைப் பிடுங்கினாள். "குழாயையா பாத்துகினு கீற? அவன் எங்க ஒக்காந்துகீறான் பாரு!"

வாசலில் மூடி போட்டிருந்தது. அதன்மேல் ஜெரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு நிறையச் சோறு தின்றுகொண்டிருந்தான்.