இரண்டு 114

மார்ச் 3, செவ்வாய். காலை 9.10. அணைக்க வேண்டிய செல்ஃபோன் கோபுரங்கள்: 62.

எங்கள் ஃபோன் கம்பெனி வாங்கி விழுங்கிய மூன்றாவது கம்பெனியின் கோபுரங்கள் இவை. பத்தொன்பது வருடத்துக்கு முன் எங்களுக்கு டயர் கடை மாடியில் ஓர் அறை, நான்கு கோபுரம். இன்று பதினொரு நாடு. மேலாளர் எந்தக் கூட்டத்தையும் இந்தக் கதையில்தான் தொடங்குவார். விழுங்கினார்களே தவிர யாரும் மெல்லவில்லை. பல தெருக்களில் எங்கள் கோபுரம் ஒன்று, அவர்களுடையது ஒன்று. அவர்களுடையதை அணைப்பது என் வேலை. கையால் செய்தால் ஒரு மாதம். இரண்டு மூன்று நாளில் முடிக்கக் கணினி நிரல் எழுதிவிட்டேன்.

மதியத்துக்குள் அக்கா மூன்று முறை கூப்பிட்டாள். எட்டாம் மாதம், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார், மாமா கப்பலில். என்ன அவசரம் என்றால், ஃபேன் சத்தம் போடுகிறதாம். கத்திவிட்டேன்.

மார்ச் 4

41 முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. அக்கா கூப்பிடவில்லை. அப்பாடா.

மார்ச் 5

இன்றும் கூப்பிடவில்லை. கோபமோ? நானே போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாளாம். கட்டிலை விட்டு இறங்காதவள் எந்த எல்லைக்கு வெளியே போவாள்?

பத்து நிமிடம் கழித்து: அணைத்தவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் தெருவில் எங்கள் கோபுரம் 114. ஊரின் மறுகோடியில் அவர்களுக்கும் ஒரு 114. எல்லாக் கம்பெனியும் ஒன்றிலிருந்துதான் எண்ணியிருக்கிறது. எண்ணுக்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று காட்டும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். புது மென்பொருள் அதை ஏற்கவில்லை என்று வெட்டிப் போட்டவன் நான். அவர்களுடையது எரிகிறது, எங்களுடையது அணைந்துவிட்டது. நாமே அணைப்பதுதானே என்று எச்சரிக்கை மணியையும் நிறுத்தி வைத்திருந்தோம். புகாரும் இல்லை. எதில் கூப்பிட்டுப் புகார் சொல்வார்கள்?

நிரலை நிறுத்தி, கோபுரத்தை எழுப்பிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மாலை: நேற்று ராத்திரி அவளுக்கு வலி வந்திருக்கிறது. ஃபோன் செத்துக் கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா வரும்வரை கரண்டியால் சுவரைத் தட்டியிருக்கிறாள். பொய் வலிதான், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. பொய் வலியாக இல்லாமல் இருந்திருந்தால்?

நான்தான் அணைத்தேன் என்று சொன்னேன். ஃபேனைப் பார்த்தபடியே கேட்டாள்.

“உங்க கம்பெனி எத்தனை நாட்டுலடா இருக்கு?”

“பதினொண்ணு.”

“என் கட்டில் வரைக்கும் வரல பாரு. போகட்டும், அந்த ஃபேனையாவது பாரு.”

ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

மார்ச் 6

மேலாளரிடம் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. “சரி பண்ணிட்டல்ல, விடு. திங்கக்கிழமை உன் நிரல் மத்த பத்து நாட்டுக்கும் போகுது. உன் பேர்லதான் அனுப்பியிருக்கேன்.” எல்லா நாட்டிலும் கோபுரங்களை ஒன்றிலிருந்துதான் எண்ணியிருப்பார்கள் என்றேன். “இப்ப தப்புன்னு எழுதினா யார் தலை உருளும்னு யோசிச்சியா?”

யோசித்தேன். வீட்டு வாடகை, வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம், எல்லாம். அந்தப் பத்து நாட்டிலும் கட்டில்கள் இருக்குமே.

மார்ச் 7, சனி. காலை

1. பத்து நாட்டுப் பொறியாளர்களுக்கும் கடிதம்: நிரலை ஓட்டாதீர்கள், தப்பு என்னுடையது. மேலாளருக்கும் ஒரு பிரதி. (அனுப்பிவிட்டேன்.)
2. அணைத்த மற்ற நாற்பதையும் தெருத்தெருவாகப் போய்ப் பார்ப்பது.
3. மேசையைக் காலி செய்யச் சொன்னால் சார்ஜரை மறக்காமல் எடுப்பது.
4. பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போவது. கூடத்தில் படுப்பது, வாயால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.