பாடாமல் வாசித்த கீர்த்தனை

வெரிபீ, மெல்பேண்
12 யூன் 1977

என் நேசமலருக்கு,

இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு நடுங்குவதையும் சுகம் என்று சொல்லலாமென்றால், கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உன் விசா வந்துவிட்டது! செப்டம்பர் பதினெட்டாம் திகதிக்கு விமான ரிக்கெற் போட்டிருக்கிறேன். இனி நீ மாத்தளையையும் உன் மிஷன் பாடசாலையையும் விட்டு வரவேண்டியதுதான்.

விடியப்புறம் ரெயிலுக்கு நடக்கும்போது முட்டைக்கோவாத் தோட்டங்கள் முழுக்க மூடுபனி கிடக்கும். நடக்கிறேனா, மிதக்கிறேனா என்று எனக்கே தெரியாது. நீ பக்கத்தில் வருவதுபோல நினைத்துக்கொண்டு சில நேரம் ஓரமாக நடப்பேன்.

நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரி திருமதி பொஸ்மா ஒல்லாந்துக்காரி. யுத்தத்தில் ஜெர்மன்காரர் யூதரைத் தேடித் தேடிப் பிடித்த காலத்தில், ஒரு யூதத் தாயையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தன் குசினியில், அடுப்படித் தரைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாராம். பிள்ளை அழுதால் ஓடிப்போய் ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்து உரத்துச் சங்கீதம் பாடுவாராம். தெருவால் போகிற பட்டாளத்துக்காரன் பக்தியான வீடு என்று நினைத்துப் போய்விடுவானாம். அந்த ஆர்மோனியம் இப்போது இந்த வீட்டு ஹோலில் இருக்கிறது. பின்னேரங்களில் அவர் வாசிக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். "கதவைத் தட்டினார்கள், திறந்தேன். வேதத்தில் வேறென்ன எழுதியிருக்கிறது?" என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்து இதை எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லு.

என்றும் உன்,
ஜெயரட்ணம்


மாத்தளை
3 யூலை 1977

அன்புள்ள அத்தானுக்கு,

விசாவைப் பற்றி நாலு வரி, வீட்டுக்காரியைப் பற்றி ஒரு பக்கம். நல்லது, நல்லது. உங்களுக்குப் பின்னுகிற கம்பளிச் சட்டையில் ஒரு கையை நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன்.

பகிடி இருக்கட்டும். கடிதத்தை வேதபாட வகுப்பில் வாசித்தேன். கடைசியில் இரண்டு கேள்வி வந்தது. அழுதால் பாட்டு, சரி. சாமத்தில் இருமினால் என்ன செய்தார்கள்? மற்றது, "ரீச்சர், அந்த வீட்டுக்கார அம்மாவின்ர புருசன் எங்க?" எனக்கும் அதே யோசனைதான். உங்கள் கதையில் அவரைக் காணவில்லையே. அவரும் தரைக்குக் கீழேயா இருந்தார்? கேட்டு எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி மெனிக்கே நோனா, அவுஸ்திரேலியாவில் கறிவேப்பிலை இருக்குமா என்று கவலைப்படுகிறா. எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், அது காணும்.

உங்கள்,
நேசமலர்


மாத்தளை
25 ஓகஸ்ட் 1977

அன்புள்ள அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறேன். தந்தி கிடைத்திருக்கும்.

தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சிங்களக் காடையர் தமிழர் வீடுகளையும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களையும் எரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் பொட்டு வைக்காதவள். சிங்களப் பெண்களைப்போல ஒசரிச் சேலை உடுத்திச் சிங்களத்தில் கதைத்தால் வழியால் போகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. நான் தமிழ் என்று தெரிந்த அயலவர்கள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஆனால் நான் தனியே இல்லை. தேயிலைத் தோட்டத்து வள்ளியம்மையும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் குசினிக்குப் பின்னால் விறகு அறையில் இருக்கிறார்கள். லயம் எரிந்த அன்று ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். "அம்மா, புள்ளைங்களையாவது உள்ள விடுங்க" என்றாள். திறந்தேன். உங்கள் கடிதம் நினைவில் இருந்தது, அத்தான்.

சின்னவளுக்கு விடாத இருமல். வீதியில் சத்தம் கேட்டால் நானும் ஓடிப்போய் எங்கள் வீட்டு ஆர்மோனியத்துக்கு முன்னால் இருப்பேன். முதல் நாள் வாயைத் திறந்த பிறகுதான் புத்தி வந்தது. எனக்குத் தெரிந்த கீர்த்தனை எல்லாம் தமிழ்! பாடினால் நானே காட்டிக்கொடுத்தவளாகிவிடுவேன். அதனால் மெட்டை மட்டும் வாசிக்கிறேன், சொற்களை விழுங்கிவிட்டு. ஏன் பாட்டைக் காணோம் என்று மெனிக்கே நோனா வேலிக்கு மேலால் கேட்டா. தொண்டை நோகிறது என்றேன்.

இவர்களுக்கு ஒரு வழி பிறக்குமட்டும் நான் விமானம் ஏறமாட்டேன். கோபிக்காதீர்கள். அந்த இருமல் கேள்வியை மட்டும் உடனே கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
நேசமலர்


வெரிபீ
4 செப்டம்பர் 1977

நேசமலர்,

உனக்கு விசரா? நான் சொன்னது கதை. ஒல்லாந்தில், என்றோ நடந்த கதை. அதைக் கேட்டு யாராவது தன் வீட்டுக்குள் நெருப்பை எடுத்து வைப்பார்களா? யார் இந்த வள்ளியம்மை? அவர்களை அகதி முகாமுக்கு அனுப்பிவிட்டுப் பதினெட்டாம் திகதி நீ விமானத்தில் இருக்க வேண்டும்.

உன் கேள்வியைத் திருமதி பொஸ்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் சம்மதித்ததாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, நேசம். நித்திரையே இல்லை. கண்ணை மூடினால் உன் கூரை எரிகிறது. எல்லாம் அடங்கிய பிறகு எவ்வளவு பேருக்கு வேண்டுமென்றாலும் உதவி செய்வோம். இப்போது வந்துவிடு.

ஜெயரட்ணம்


மாத்தளை
19 செப்டம்பர் 1977

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று விமானம் போயிருக்கும். ஒரு முறை வானத்தைப் பார்த்தேன், பிறகு அரிசி களைந்தேன்.

முகாமுக்குப் போன சனங்களை வழியில்தான் மறித்து அடித்தார்கள். எப்படி அனுப்புவேன்? இப்போது கொஞ்சம் அடக்கம். வள்ளியம்மையின் புருஷன் தப்பி வவுனியாப் பக்கம் இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. ஆனால் ஆண் துணை இல்லாமல் அவர்களைப் பஸ்ஸில் ஏற்ற எனக்குத் துணிவு வரவில்லை.

சின்னவளின் இருமல் நின்றுவிட்டது. தொண்டை நோ என்று சொன்ன நாள் முதல் மெனிக்கே நோனா பின்னேரம் தவறாமல் இருமலுக்குக் குடிக்கிற கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக் கொண்டு வருகிறா. என் ஒரு தொண்டைக்குச் சட்டி நிறைய! "மிஸ், நல்லா ஊத்திக் குடிங்க, சின்னப் பிள்ளைக்குச் சீனி போடுங்க" என்றா முந்தநாள். எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மற்றதையாவது கேளுங்கள், அத்தான். திருமதி பொஸ்மாவின் புருஷன் எங்கே இருந்தார்?

நேசமலர்


வெரிபீ
1 ஒக்டோபர் 1977

என் நேசத்துக்கு,

நீ வராத விமானத்துக்கு நான் போய் நின்றேன். உனக்கு வாங்கிய கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, கடைசி ஆள் வெளியே வரும்வரை. யாரோ ஒரு பெண் உன் நடையில் வந்தாள். கிட்ட வந்ததும் வேறு முகமாகிவிட்டாள்.

இன்று உன் கடிதத்தோடு போய்த் திருமதி பொஸ்மாவுக்கு முன்னால் இருந்து கேட்டேன். இருமலுக்குச் சிரித்தார். பிள்ளை இருமினால் இவரும் சேர்ந்து உரக்க இருமுவாராம். ஊரார் இவருக்குக் காசம் என்று நினைத்து வாசலுக்கே வருவதில்லையாம்.

புருஷனைப் பற்றிய அடுத்த கேள்விக்குச் சிரிப்பு நின்றது. ஆர்மோனிய மூடியைச் சேலைத் தலைப்பால் நீ துடைப்பாயே, அதுபோல ஏப்ரனால் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஹெர்மன் நல்ல மனிதன். அவர்கள் வந்த கிழமையே தமையன் வீட்டுக்குப் போய்விட்டான். எல்லாம் முடிந்ததும் வருகிறேன் என்றான். சொன்னபடியே, முடிந்ததும் வந்தான். அவன் சாகுமட்டும் சண்டை சச்சரவு இல்லாமல் இருந்தோம். ஆனால் அந்தக் குளிர்காலத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு வீட்டில் ஆள் இருக்கவில்லை." அவ்வளவுதான் சொன்னார். பிறகு வாசித்தார், பாடவில்லை. நீ வாசிப்பதுபோல் இருந்தது.

நான் உனக்கு எழுதியதும் ஹெர்மன் சொன்னதும் ஒன்றுதான், நேசம். எல்லாம் முடிந்த பிறகு வந்து உன் பக்கத்தில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

கந்தோரில் லீவு தரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். இரண்டு கிழமையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவேன். வவுனியாவுக்கு அவர்களோடு நான் போகிறேன். அதற்குப் பிறகு எங்கே இருப்பதென்று நீயும் நானும் ஒரே குசினியில் இருந்து யோசிப்போம்.

மெனிக்கே நோனாவிடம் சொல்லு, சட்டியில் இன்னும் ஒரு கோப்பை கூட அவிக்கட்டும்.

உன்,
ஜெயரட்ணம்