கறியைத் திருப்பாத மேஸ்திரி

உல்சான்

ஹன்சோலின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் நலமா? அதைவிட அதிகமாகப் புலம்பும் உங்கள் வாயும் நலம்தானே? நான் சுகம்.

கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடிக்கும் ஆண்களுக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள் அல்லவா, ஒருவரும் சொல்பேச்சு கேட்கவில்லை. "பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கிட்டு ஏறுங்க" என்றால் யாருக்கும் காது கேட்காது. மாதக் கடைசிக்குள் சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நேற்று சாயங்காலம் என் புதுப் பதவிக்காக விருந்து. மேசை நடுவில் இருந்த அடுப்பில் பன்றிக்கறி ஏறியதும், கறி திருப்பும் இடுக்கியை வழக்கம்போல என் பக்கம் தள்ளினார், பெயின்ட் ஆட்களில் மூத்தவரான தோக்பே அண்ணன்.

"பொம்பளை கை பட்டாத்தான் ருசி, தங்கச்சி."

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கறி புகைந்தது. அத்தனை பேரும் கறியைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் அண்ணன்தான் இருமிக்கொண்டே கேட்டார்:

"மேஸ்திரியம்மா, திருப்பட்டுமா?"

"திருப்புங்க. கருகினதெல்லாம் உங்களுக்கு."

இன்று காலை எல்லார் இடுப்பிலும் பெல்ட். "மாட்டிக்கடா, இல்லேன்னா அந்தம்மா நம்மளையும் கருகவிட்டுடும்" என்று அண்ணனே ஒருத்தனை அதட்டினார்.

என்ன, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மரியாதையாம்.

நம் வீட்டு சோயா விழுது ஒரு ஜாடி வேண்டும். தபாலில் போட்டால் உடையும், நீங்களே தூக்கி வாருங்கள். வந்து ஒரு தடவை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

மால்சுன்