நாற்பத்து மூன்று சைக்கிள்

ஜூன் 23, திங்கள்

சைக்கிள் பாதை வரைபடம் இன்று முடிந்தது. சேத்துப்பட்டு ரோட்டில் பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை, இடது ஓரம் ரெண்டு மீட்டர். பஸ் உள்ளே வராதபடி முழங்கால் உயரத்துக்கு கான்கிரீட் தடுப்பு. பதினெட்டு வருஷமா இந்த ஆபீஸில் கோடு போடுறேன், சாக்கடைக்கும் சுடுகாட்டுச் சுவருக்கும்தான் அதிகம். என் மகள் தமிழினி போகிற வழிக்குப் போட்டது இதுதான் முதல் தடவை. பிளஸ் டூ. போன வருஷம் பள்ளியில் கொடுத்த சைக்கிளில்தான் போகிறாள்.

மேலிடத்தில் கேட்டிருப்பது ஒன்றுதான். ஒரு நாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எத்தனை சைக்கிள் போகிறது? நூற்றைம்பதுக்குக் குறைந்தால் பாதை கிடையாது. புதன்கிழமை எண்ணுகிறேன் என்றேன். "காலண்டர் பாத்துதான் சொல்றியா?" என்றார் எங்கள் இன்ஜினியர் காமராஜ் சார். சிரிப்புதான் வந்தது. எனக்கு நெடுமாறன் என்று பேர் வைத்த கையோடு வீட்டிலிருந்த ராகுகாலக் காலண்டரைக் கிழித்துப் போட்டவர் எங்க நைனா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் வெறும் தேதிக் காலண்டர்தான். சைக்கிள் எண்ணுறதுக்கு நல்ல நாள் வேறயா?

ஜூன் 25, புதன்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. ரெண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், அதேதான். பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், வேன், மஞ்சள் புடவைக் கூட்டம், ஜன்னலெல்லாம் வேப்பிலை. அதைப் பார்த்தும் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. இத்தனை வண்டி போகிற ரோட்டுக்குத் தடுப்பு எவ்வளவு அவசியம் என்றுதான் நினைத்தேன். தமிழினி வருவாள், கை காட்டுவாள் என்று பார்த்திருந்தேன். கூட்டத்தில் தவறவிட்டேன் போல. மதியமே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

சாயந்திரம் என் மனைவி சுமலதாவிடம் சொன்னதும் என்னையே பார்த்தாள். "இன்னிக்கு அமாவாசைங்க. மேல்மலையனூர் கோயிலுக்குப் போற பஸ்ஸெல்லாம் அந்த ரோட்டுலதான் போவுது. எந்த வூட்ல பொண்ண சைக்கிள்ல அனுப்புவாங்க? தமிழினிய நான்தான் ஸ்கூட்டில இட்டுனு போய் உட்டேன். மாசாமாசம் உடறேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எட்டு மணிக்குள் நான் ஆபீஸ் கிளம்பிவிடுவேன்.

ஜூன் 30, திங்கள்

நானாகப் போய் மறுபடி எண்ணினேன். இருநூற்றுப் பதினாலு. தமிழினியும் அதில் ஒருத்தி.

காமராஜ் சார் பேப்பரைக் கையிலேயே வாங்கவில்லை. "அனுப்புனது அனுப்புனதுதான்யா. இப்ப வேற கணக்கு குடுத்தா எது பொய்னு கேப்பான். அதுக்குத்தான அன்னிக்கே கேட்டேன், காலண்டர் பாத்தியான்னு?"

இருந்தும் ஒரு கடிதம் எழுதி நானே அனுப்பினேன்.

ஜூலை 21

பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்துவிட்டது. பாதை ரத்து. அந்த ரெண்டு மீட்டரையும் ரோட்டோடு சேர்த்து அகலப்படுத்தணுமாம். 'பேருந்து நெரிசல் மிகுதி; மிதிவண்டிகள் 43.' என் எண், என் கையெழுத்து. வரைபடத்தைத் திருத்தும் வேலையும் எனக்கே. கம்ப்யூட்டரில் தடுப்பை அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் மேலேயே எனக்கு அசிங்கமா இருக்குது.

செப்டம்பர் 17, புதன்

தார் போட்டாச்சு. ரோடு சூப்பர் என்று ஊரே சொல்கிறது. தமிழினி மட்டும், "முன்னாடி குண்டும் குழியுமா இருந்தப்போ பஸ் மெதுவா வரும் நைனா" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

அனுவை பஸ் இடிச்சிடுச்சி. தமிழினியோட சேர்ந்து போற பொண்ணு, பின்தெரு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. வலது கை ரெண்டு எடத்துல முறிஞ்சிருக்குது. மார்ச்ல பரீட்சை. தமிழினி பின்னாலேயே போயிருக்கா — பாத்திருக்கா.

ஆஸ்பத்திரி வராந்தாவுல கேட்டா: "அது உங்க பாதை வர்றதா இருந்த எடம்தான நைனா?"

அனுவோட அம்மா மீனம்பாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துச்சி. அந்த நாப்பத்து மூணு நான் எழுதுனதுன்னு அதுக்குத் தெரியாது. சொல்லாமலே குடிச்சேன். இன்னா மனுசன்யா நான்?

அக்டோபர் 13

சுமலதா சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே பூட்டிவிட்டாள். சாவியை நான் கேட்கவில்லை.

நவம்பர் 26, புதன்

அதே பெஞ்ச், அதே நேரம். அமாவாசை இல்லை. பார்த்துவிட்டுத்தான் போனேன். மழையும் இல்லை, பள்ளிக்கூடமும் உண்டு.

முப்பத்தெட்டு. அன்றைக்கு எழுதியதைவிட அஞ்சு குறைவு. இனி யார் வந்து எண்ணிப் பார்த்தாலும் நான் அனுப்பிய கணக்கைத் தப்பென்று சொல்ல முடியாது.

எட்டே முக்காலுக்குத் தமிழினி, அவள் அம்மாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். என்னைப் பார்த்துக் கை காட்டினாள். அவளைக் குறிக்க என் தாளில் கட்டம் இல்லை.