ஒரு கிலோவுக்கு முந்நூற்று அறுபது கிராம் குறைவு

மார்ச் 9, ஞாயிறு

காலை 6.40 முதல் 8.15 வரை. பதினொரு பாஸ் மீன், பொடி மீனைத் தின்று வளரும் வகை. பெரியது 28.4 செ.மீ., 251 கிராம். சிறியது 26.9. பதினொன்றும் ஒரே அச்சில் வார்த்தது போல. தொழிற்சாலையில் இப்படி வந்திருந்தால் உற்பத்திப் பிரிவைப் பாராட்டியிருப்பேன். குட்டையில் வந்தால் எரிச்சலாக இருக்கிறது.

பதினொன்றையும் திரும்ப விட்டேன். சின்ன மீனை எடுக்கக் கூடாது, வளரட்டும். மூன்று வருடமாக இந்த விதியை மீறியதில்லை.

காலைச் சாப்பாட்டில் அத்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் குட்டையை அக்டோபரில் மண் கொட்டி மூடப் போகிறாராம். அவர் லாரி மெக்கானிக். பட்டறை வாடகை இடத்தில், முக்கால் மணி நேர தூரத்தில். இங்கேயே ஷெட் போட்டால் அலைச்சல் மிச்சம். நியாயம்தான். வீடு அவருடையது, குட்டையும் அவருடையது. நான் மாடி அறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மச்சினன்.

"அதுல அப்படி என்னதான்டா இருக்கு? கொசுவும், விரல் நீளத்துக்கு நாலு மீனும்."

"விரல் இல்ல அத்தான். இருபத்தெட்டு சென்டிமீட்டர்."

"சரி மாப்ள, ஒரு கிலோவுக்கு ஒரே ஒரு மீன் பிடிச்சுக் காட்டு. மண்ணு லாரியே வேணாம்னுடறேன். செப்டம்பர் கடைசி வரைக்கும் டைம்."

"நான் சாட்சி," என்றாள் அக்கா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மார்ச் 16

இரையை மாற்றினேன். சாண் நீள ரப்பர் புழு. பெரிய இரை என்றால் பெரிய மீன்தானே வர வேண்டும்? வந்தது 27.3. தன் உடம்பில் முக்கால்வாசி நீளமுள்ள புழுவை விழுங்கப் பார்த்து, வாய் அடைத்துப் போய், என்னை முறைத்தது. அதற்கு இருக்கும் தைரியம் எடையில் இல்லை.

இன்று பிடித்த எல்லாவற்றுக்கும் முதுகுத் துடுப்பின் நுனியில் ஒரு சின்ன வெட்டு வைத்து விட்டேன். திரும்ப வந்தால் தெரியும். இந்த மாதம் முழுக்க இப்படித்தான்.

மார்ச் 29

மீன்களில் உதடு கிழிந்த ஒருவன் இருக்கிறான். 'கிழிஞ்சவாய்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்றும் வந்தான். பழைய பக்கங்களைப் புரட்டினேன். போன வருடம் ஜூனில் 28.1. செப்டம்பரில் 28.0. இன்று 28.1.

ஒன்பது மாதம். பூஜ்யம் வளர்ச்சி.

ஸ்கேல் தப்பா? ஆபீசுக்கு எடுத்துப் போய்ச் சரிபார்த்தேன். தராசையும் அளவுகோலையும் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஸ்கேல் சரி. மீன்தான் தப்பு.

ஏப்ரல் 5, சனி

தூண்டில் கடை. கடைக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு ரீலைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் பெரிய இரை வேண்டும் என்றேன்.

"எவ்வளவு பெரிய குட்டை?"

"ஐம்பது மீட்டருக்கு முப்பது."

"போன வருஷம் எத்தனை பிடிச்சீங்க?"

"எரநூத்திப் பன்னெண்டு."

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் உயிரோட விட்டுட்டேன்." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "அப்புறம் எப்படிங்க வளரும்? பத்துப் பேர் சாப்பாட்டுக்கு நூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. இதுல எவன் குண்டாவான்?"

இரை விற்க மறுத்துவிட்டாள். "உங்களுக்கு இது வேணாம். இது வேணும்," என்று மெல்லிய அலகுள்ள மீன் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எனக்குச் சொல்ல வந்துவிட்டாள். கத்தியை வாங்கவில்லை.

ஏப்ரல் 6

அவளைப் பொய்யாக்கத்தான் கணக்குப் போட்டேன். போன மாதம் நாற்பது மீனுக்குத் துடுப்பில் வெட்டு வைத்திருந்தேன். நேற்று மாலையும் இன்று காலையுமாக முப்பது பிடித்தேன். அதில் வெட்டு இருந்தது பதினொன்றில். நாற்பதை முப்பதால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்தால் குட்டையில் மொத்த மீன் நூற்று ஒன்பது.

இந்த அளவுக் குட்டை ஐம்பது, மிஞ்சிப்போனால் அறுபது பாஸுக்குத்தான் தீனி போடும். அதற்கு மேல் இருந்தால் பொடி மீனெல்லாம் காலியாகி, எல்லாமே அரைப் பட்டினியில் நின்றுவிடும். செத்தும் போகாது, வளரவும் வளராது.

அதாவது மூன்று வருடமாக, என் கையால், ஒவ்வொரு மீனாக, பத்திரமாகத் தண்ணீரில் விட்டு, பட்டினி போட்டிருக்கிறேன். ஒரு ஆறாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்திருப்பான். நான் என்னடான்னா டிகிரி வாங்கி, ஒரு தசமத்துக்கு அளந்து, நோட்டில் எழுதி வைத்து... சே.

மாலை போய்க் கத்தியை வாங்கினேன். அவள் சிரிக்கவில்லை. ரசீதைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம்.

ஏப்ரல் 13

ஆறு மீன் எடுத்தேன். கொல்வது இரண்டு விநாடி வேலை என்று படித்திருந்தேன். உண்மைதான். அதற்கு முன்னால் கத்தியும் கையுமாக நிற்கும் பத்து நிமிடத்தைப் பற்றி எவனும் எழுதி வைக்கவில்லை.

அக்கா கொல்லைக் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். "மிஷின் மிஷினா பிரிச்சுப் போடறவனுக்கு, ஒரு மீனுக்கு இப்படி வேர்க்குது."

"மிஷின் என்னைப் பாக்காதுக்கா."

பிறகு அவளே வந்து கத்தியை வாங்கி, செதில் சுரண்டக் காட்டிக் கொடுத்தாள். நாலாவது மீனில் எனக்கும் வந்துவிட்டது.

ஏப்ரல் 20

எட்டு. மொத்தம் பதினான்கு.

மே 4

அக்கா வறுத்த மீன் வாசலைத் தாண்டி மணக்கிறது. அத்தான் பட்டறையிலிருந்து வந்து, கை கழுவுவதற்கு முன்னாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நம்ம குட்டை மீனா இது?"

"ஆமா அத்தான்."

"நல்லாத்தான் இருக்கு." இன்னொரு துண்டு. "ஆனா மூடத்தான் போறேன், அதுல மாத்தமில்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீ கேக்கல. உங்கக்கா பார்க்கிறா பாரு, அந்தப் பார்வைக்குச் சொன்னேன்."

மே 25

மொத்தம் நாற்பத்தொன்று. ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டம்மா அக்காவைப் பாத்திரத்தோடு கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறாராம்.

ஜூன் 8

ஐம்பத்திரண்டு. போதும், நிறுத்திவிட்டேன். கணக்குப்படி உள்ளே இன்னும் ஐம்பத்தேழு இருக்க வேண்டும். இனி அதுகள் தின்ன வேண்டும், நான் பொறுக்க வேண்டும். முதல் வேலை அதுகளுக்குச் சுலபம்.

ஜூன் 22

மூன்று மணி நேரம். இரண்டே மீன். முன்பெல்லாம் எறிந்ததும் முட்டி மோதிக்கொண்டு வரும். இப்போது இரையைப் பார்த்துவிட்டுப் போகின்றன. அதுகளுக்கு இப்போது வயிறு நிறைந்திருக்கிறது என்று புரிகிறது. புரிந்தும் கோபம் வருகிறது.

கரையோரம் பொடி மீன் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. மூன்று வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை. தூண்டிலை வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இன்னும் முடியலையா' என்று ஆபீசில் நான் எல்லாரையும் கேட்கிறேன், எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். இந்தக் கரையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இதைத்தான் அத்தானிடம் சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சென்டிமீட்டரைத்தான் சொல்ல வந்தது.

ஜூலை 13

கிழிஞ்சவாய்! 29.6 செ.மீ. 338 கிராம்.

மூன்று முறை எடை போட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

கடைக்காரியிடம் போய்ச் சொன்னேன். "அப்போ இரை வேணுமா?" என்றாள். வேண்டாம், சும்மா சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவள் என்னை ஒரு விநோதம் போலப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 10

வரைபடம் போட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். எல்லா மீனும் ஏறுகிறது, ஆனால் இந்த வேகத்தில் செப்டம்பர் கடைசியில் பெரியது அறுநூறிலிருந்து அறுநூற்றைம்பது. ஒரு கிலோ தொட அடுத்த கோடை வேண்டும்.

குட்டைக்கு அடுத்த கோடை கிடையாது. பத்து மாதம் முன்னால் அந்தக் கத்தியை வாங்கியிருந்தால் போதும். பத்தே மாதம்.

ஆகஸ்ட் 24

அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "உங்க அத்தான் பட்டறையில நட்டும் போல்ட்டும் கொட்டிக் கிடக்கு. அள்ளி அது வாயில போட்டு நிறுத்து, ரெண்டு கிலோகூட வரும்," என்றாள்.

"அக்கா, நான் பார்க்கிற வேலையே தராசு பொய் சொல்லாம பார்த்துக்கிறதுதான்."

"தராசு பொய் சொல்லாதுடா. மீன்தான் சொல்லும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அதைச் செய்ய மாட்டேன்.

செப்டம்பர் 14

என் பழைய தூண்டில் ஈரமாக இருக்கிறது. நான் அதைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. இரைப் பெட்டியில் சாண் நீளப் புழு இரண்டு குறைகிறது. எவனோ வேலி தாண்டி வருகிறான் போலிருக்கிறது. கையில் கிடைக்கட்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடைசி ஞாயிறு. காலை 5.50 முதல் 9.30 வரை. நாலே மீன். தண்ணீர் வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில், கடைசி எறிதலுக்கு முந்தைய எறிதலில், கம்பு வளைந்தது. இந்தக் குட்டையில் கம்பு வளைந்தது இதுதான் முதல் முறை.

35.2 செ.மீ. 640 கிராம். துடுப்பில் நான் வைத்த வெட்டு. பக்கவாட்டில் தொட்டால் கெட்டியாக, வயிறு திரண்டு, முதுகு அகலமாக இருந்தது. இத்தனை நாள் என் கையில் வந்ததெல்லாம் மீனின் எலும்புக்கூடு என்று அப்போதுதான் தெரிந்தது.

முந்நூற்று அறுபது கிராம் குறைவு. விட்டுவிட்டேன். அது போன வழியில் தண்ணீர் மேடாக நகர்ந்தது. விசித்திரம் - தோற்ற ஆள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு அத்தான் வந்ததும் சொன்னேன். "தோத்துட்டேன் அத்தான். அறுநூத்தி நாப்பது. மண் லாரிக்குச் சொல்லிடுங்க."

அவர் கை கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார்.

"எந்த மூலையில பிடிச்ச?"

"குழாய்ப் பக்கம்."

"ம். அங்க இருக்கிறதெல்லாம் சின்னது."

"எது சின்னது? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சமையலறையிலிருந்து அக்காவின் குரல். "சொல்லுங்களேன். ஒரு மாசமா விடிஞ்சும் விடியாம எழுந்து எங்க போறீங்கன்னு. அவன் வேலி தாண்டி வர்ற திருடனைத் தேடிட்டிருக்கான்."

அத்தான் உட்கார்ந்தார். மண் கொட்டினால் எத்தனை லோடு பிடிக்கும் என்று ஆழம் பார்க்கத்தான் முதலில் போனாராம். கையில் கயிறு இல்லை. என் பழைய தூண்டிலில் ஈயத்தைக் கட்டி இறக்கியிருக்கிறார். முள்ளைக் கழற்ற மறந்துவிட்டார். ஒன்று கடித்தது. மறுநாளும் ஆழம் பார்க்கப் போனார். அதற்கு மறுநாளும்.

"போன சனிக்கிழமை, சாய்ஞ்ச மரத்துக்குக் கீழ. மேல வந்துச்சு மாப்ள. வாயைத் திறந்துச்சு பாரு, என் கையே உள்ள போயிருக்கும். ஒரு உதறு. தூண்டில் நரம்பு பட்டுனு அந்து போச்சு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என் கண் அதுபாட்டுக்கு அளந்தது: 62 செ.மீ. அந்த நீளத்துக்கு எடை மூன்றரைக் கிலோ.

"அப்போ மண் லாரி?" என்றேன்.

"அதைப் பிடிக்காம எப்படிடா மூடறது? காலுக்கடியில அது மண்ணுக்குள்ள கிடக்குன்னு தெரிஞ்சே, மேல நின்னு நான் பிரேக் பாத்துட்டு இருக்கணுமா? ஷெட்டை முன்பக்கம் போட்டுக்கலாம். ஒரு லாரி நின்னா போதும்."

என் நோட்டில் மூன்று வருட அளவுகள் இருக்கின்றன. ஏப்ரலுக்கு முன்னால் முப்பது செ.மீ. தாண்டியது ஒன்றுகூட இல்லை. அந்த நீளத்தில் ஒரு மீன் அங்கே இருக்கவே முடியாது. வரைபடத்தோடு, பிழை வரம்போடு, அரை நிமிடத்தில் நிரூபிப்பேன். வாயைத் திறந்தும் விட்டேன். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று என்னையே பார்த்தாள்.

"இருக்கும் அத்தான்," என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை கரையில் இரண்டு பேர். அத்தான் மரத்தடியில், நான் குழாய்ப் பக்கம். அவருக்கு ஒன்று, 33.1. எனக்கு ஒன்றுமில்லை. அவர் தன்னுடையதை 'நாற்பது இருக்கும்' என்றார். ஸ்கேலை நீட்டினேன். ஸ்கேல் தேய்ந்துபோயிருக்கும் என்கிறார்.

மதியம் டேப்பைப் பிடித்து வீட்டு முன்பக்கத்தை அளந்தோம். நாளை முதல்:

1. முன்பக்க ஷெட்டுக்குப் புதனுக்குள் வரைபடம். ஒரு லாரி நீளம், அவ்வளவுதான். அத்தான் மேலே கேட்டால் அக்காவிடம் அனுப்ப வேண்டும்.

2. துணிக்கொடியை வீட்டுப் பக்கவாட்டுக்கு மாற்றிக் கட்ட வேண்டும். தூண்டில் வீசும் பாதையில் வேண்டாம். போன வாரம் கொடியில் காய்ந்த அத்தான் சட்டையைத் தூண்டிலில் பிடித்தேன்.

3. ஏப்ரலில் இன்னும் பதினைந்து சின்ன மீன் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மாவை இப்போதே தயார்ப்படுத்த வேண்டும்.

4. மீனைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி நனைத்துக்கொள்ள அத்தானுக்குச் சொல்லித்தர வேண்டும். கிரீஸ் கை கூடாது.

5. தூண்டில் கடை: அத்தானுக்குத் தடித்த நரம்பு ஒரு சுருள். எதற்கு என்று அவள் கேட்பாள். உட்கார்ந்து முழுக்கதையும் சொல்ல வேண்டும்.

6. நோட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'செப்டம்பர் 27, சாய்ந்த மரத்தடி, அத்தான், 62 செ.மீ.' எடைக் கட்டம் காலியாக இருக்கட்டும்.