செவ்வாய்க்கிழமை சட்டைக் கறை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போனது. மாவு பொங்கி மேடையெல்லாம் பிசுபிசுப்பு.

பதினொன்றரைக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காம். நானா பெயர் கொடுத்தேன்? கொடுத்தது மகள். "உன் மூஞ்சிய கண்ணாடில பாத்தியாம்மா? போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு கம்பெனியின் ஏ ஷிஃப்ட் பஸ் ஏறிவிட்டாள்.

டீ, சமோசா, தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். எல்லாம் இலவசம். எதிர்வீட்டு கோமதி நேற்றே சொன்னாள்: "இன்னாக்கா நீ, மொதல்ல டீ குடுப்பான், அப்பால பாலிசி போடச் சொல்வான்." ஆதார் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். கேட்கவேயில்லை. அதுதான் உறுத்துகிறது.

நடத்துகிற பெண் அனிதா. சென்னையிலிருந்து வருகிறாள். வட்டமாக உட்காரவைத்து, "இந்த வாரம் உங்களுக்குன்னு என்ன பண்ணிக்கிட்டீங்க?" என்றாள். பல் தேய்த்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

கூட்டம் முடியும்வரை என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள அவர்களே ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். முத்துலட்சுமி. திருநெல்வேலிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஹாஸ்டலில் சமையல். காலை வேலை முடிந்தால் மூன்று மணி வரை ஓய்வாம். ஓய்வில் காலை நீட்டிப் படுக்காமல் யார் வீட்டுக்கோ ஏன் வருகிறாள்? பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிளம்பினேன்.

திரும்பி வந்தால் இவர் சட்டை மார்பில் சாம்பார் கறை. "அண்ணாச்சி நல்லா சாப்ட்டாவ மதினி." மதினியாம்.

பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது கை, வலது கால், பேச்சிலும் பாதி போயிற்று. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். ஒரு பருக்கை சட்டையில் விழுந்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

வாங்க: மாத்திரை (வெள்ளை), ரப்பர் ஷீட், பச்சை மிளகாய், புதுப் பூட்டு.

இவரிடம் கேட்டேன், "அந்தம்மா இன்னா பண்ணா?" "ஒண்ணும்... இல்ல." ஃபேனைப் பார்த்துச் சொன்னார். பொய் சொன்னால் ஃபேனைத்தான் பார்ப்பார். ஒரகடத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டி, குடித்துவிட்டு வந்த நாட்களிலும் இதே ஃபேன்தான்.

மிரட்டி வைத்திருக்கிறாளோ?

ஜூலை 15, செவ்வாய்

வெயில். இரண்டாவது கூட்டம். வாலாஜாபாத்திலிருந்து ஓர் ஆள், மனைவிக்குக் கிட்னி. அந்தம்மாவுக்குக் கை தூக்க முடியவில்லை என்று செல்போனில் பார்த்து ஜடை பின்னக் கற்றுக்கொண்டாராம். "மொத நாளு தேங்கா நாரு மாரி இருந்திச்சிங்க" என்றார். எனக்கு எரிச்சல். அழ வைக்கத்தான் கூப்பிடுகிறார்களோ?

பாலிசி பேச்சு இன்னும் இல்லை.

வீட்டில்: தட்டுக்குப் பதில் குழிக் கிண்ணம். கட்டில் பலகையில் மடித்த ஈரத்துண்டு. சட்டையை வேறு அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். தடயத்தை மறைக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

பாத்ரூம் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் பாதியில் எழுந்து வந்தேன். பின்பக்கமாகப் போய்ச் சமையலறை ஜன்னலில் பார்த்தேன்.

வழுக்காமலிருக்க ஈரத்துண்டின் மேல் கிண்ணம். இடது கையில் ஸ்பூன். இவரே சாப்பிடுகிறார். கை நடுங்கி, பாதி வாயில், பாதி மார்பில். அவள் தள்ளி உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்கிறாள். வேடிக்கை பார்க்கிறாளே பாவி என்று உள்ளே ஓடி ஸ்பூனைப் பிடுங்கினேன். வரவில்லை. இவர் விடவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று அவளைக் கேட்டேன்.

"அண்ணாச்சிதான் சொல்லக்கூடாதுன்னாவ. மதினி மனசு நொந்துரும்னு." கீரையைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்கு நான் கடைசி வரைக்கும் ஊட்டித்தான் விட்டேன். நல்லாருந்த கையையும் நானே முடக்கிட்டேன், மதினி."

இவர் பக்கம் திரும்பினேன். வார்த்தை வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"நீ... உட... மாட்ட."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா? இல்லை. கோபம். இவர் தானே சாப்பிட்டுக்கொண்டால் நான் எதற்கு? எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

ஜூலை 23, புதன்

லேசான தூறல். மகள் வேலைக்கு. முத்துலட்சுமி வருகிற நாள் இல்லை. நாங்கள் இருவர் மட்டும்.

ரசம் சாதம், குழைத்து. கிண்ணம், ஈரத்துண்டு, ஸ்பூன். எல்லாம் அவள் வைத்த மாதிரியே வைத்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இல்லாவிட்டால் ஸ்பூனுக்குப் போய்விடும்.

முதல் வாய் மடியில். அடுத்தது மார்பில். அதற்கப்புறம் உள்ளே. மென்றார். என்னைப் பார்த்தார்.

"போய்... டீ குடி."

டீ போட்டுக்கொண்டேன். டம்ளரோடு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நிஜமாகவே போகிறேனா என்று சந்தேகமாக.

போனேன்.