முருகேசனின் காது

சனிக்கிழமை. படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன்.

கல்லூரி மல்யுத்தப் போட்டியின் வரலாற்றை இன்று விளையாட்டரங்கச் சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். நாங்கள் மோதிய வருடத்துக்கு நேரே என் பெயர். பக்கத்தில், 'எதிராளி வரவில்லை' என்று இருந்தது. அந்த எதிராளி முருகேசன் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் வந்தான். ஜொகூரிலிருந்து வரும்போது உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டு, எடை பார்த்து முடித்த பிறகு மூச்சிரைக்க வந்தான். அதற்குள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். நான்தான் நடுவரிடம் கெஞ்சி அவனைச் சண்டைக்கு இறக்கினேன். அன்று என் பிடியில் நசுங்கிய அவன் இடது காது இன்னும் உப்பியேதான் இருக்கிறது. எழுதியதை மட்டும் யாரும் திருத்தவில்லை.

"ஆஃபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்றேன்டா" என்றேன்.

"விடுலா. தோத்தவன் வந்தா என்ன, வராட்டி என்ன?"

என்னால் விட முடியவில்லை. அந்தச் சுவரின்படி நானும் யாரையும் ஜெயிக்கவில்லை.

பிறகு தேக்கா சந்தையில் ஒரு கடையில் தே குடிக்க உட்கார்ந்தோம். கடைக்காரர் அவன் காதைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். யார் கேட்டாலும் என்னைக் காட்டி, "ஃபைனல்ல இவன் பண்ண வேலை" என்று பெருமையாகச் சொல்வது அவன் வழக்கம். இன்று என் பக்கம் திரும்பவே இல்லை.

"பைக்லேர்ந்து விழுந்துட்டேண்ணே" என்றான்.